சேர்ந்தால் போதுமா? பட்டப்படிப்பை முடிக்க உள்ள விதிகள்

(நம் சங்கத்தின் வருடாந்திரக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



கல்வி பற்றி ஏதாவது பேசுங்கள் என்று செயலாளர் கேட்டார். எந்தப் படிப்புக்கு எதிர்காலம் உண்டு, எந்தக் கல்லூரியில் சேர்த்தால் பையன் அமெரிக்கா போவான் என்றெல்லாம் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் ஒரு பல்கலைக்கழகத்தின் பதிவாளர் அலுவலகத்தில், சேர்க்கைப் பிரிவிலும் தேர்வுப் பிரிவிலும் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவன். எனக்குத் தெரிந்தது ஃபைல். ஆகவே, ஒருவர் பட்டப்படிப்பில் சேர்வதற்கும் அதை முடித்து வெளியே வருவதற்கும் உள்ள விதிகளைப் பற்றி மட்டும் பேசுகிறேன். ஆராய்ச்சிப் பட்டம் வேறு சமாசாரம், அதைத் தொடவில்லை.

நம் குடும்பங்களுக்கு இது ஏன் முக்கியம் என்றால், நாம் ஊர் மாறுகிறவர்கள். ரயில்வே, பாங்க், மத்திய சர்க்கார் என்று அப்பாவுக்கு மாற்றல் வந்தால் குழந்தையின் படிப்பும் மாறுகிறது. பெண்ணுக்குக் கல்யாணமானால் பம்பாயிலிருந்து பெங்களூர் போகிறாள். ஒரே ஊரில் பிறந்து, படித்து, அங்கேயே பென்ஷன் வாங்குகிறவனுக்கு இந்த விதிகள் கண்ணிலேயே படாது. நமக்குத்தான் ஒவ்வொரு திருப்பத்திலும் வந்து முட்டும்.

முதலில் பெயர். சிரிக்காதீர்கள். நான் பார்த்த ஃபைல்களில் நம்மவர்களுக்கு அதிகத் தொல்லை கொடுத்தது மதிப்பெண் அல்ல, இனிஷியல். வெங்கடராமன் என்று ஒரு பையன். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் எஸ். வெங்கடராமன். ஆதாரில் வெங்கடராமன் சுப்ரமணியன். பாஸ்போர்ட்டில் சுப்ரமணியன் வெங்கடராமன். மகாராஷ்டிரத்தில் கல்லூரி விண்ணப்பத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் அப்பா பெயரைப் போட்டு, தகப்பனார் பெயர் என்ற கட்டத்திலும் அதையே போட, வெங்கடராமன் சுப்ரமணியன் சுப்ரமணியன் என்று ஒரு விசித்திர ஆசாமி உருவாகிறான். பாலக்காட்டுக்காரர்களுக்கு இன்னும் விசேஷம். முதல் இனிஷியல் கிராமம், இரண்டாவது தகப்பனார். விரித்து எழுதச் சொன்னால் கல்பாத்தியே குடும்பப் பெயராகிவிடும்.

பல்கலைக்கழகத்துக்கு மூல ஆதாரம் பத்தாம் வகுப்புச் சான்றிதழ்தான். அதில் உள்ள பெயர்தான் சேர்க்கைப் பதிவேட்டில் ஏறும், அதுவே மதிப்பெண் பட்டியலிலும் கடைசியில் பட்டத்திலும் வரும். பிறகு மாற்ற வேண்டுமென்றால் முதலில் பள்ளி போர்டில் மாற்ற வேண்டும். போர்டில் மாற்றாமல் பல்கலைக்கழகத்தில் மட்டும் மாற்றச் சொல்லி வருகிறவர்களைத் திருப்பி அனுப்புவதே எங்கள் வேலையாக இருந்தது. 2021 ஜூனில் உச்சநீதிமன்றம் சி.பி.எஸ்.இ. சம்பந்தப்பட்ட ஒரு வழக்கில், சான்றிதழில் பெயரைத் திருத்திக்கொள்வது ஒருவரின் அடிப்படை உரிமையோடு சேர்ந்தது, உரிய ஆதாரம் இருந்தால் போர்டு மறுக்க முடியாது என்று தீர்ப்புச் சொன்னது. நல்ல தீர்ப்பு. ஆனால் கெஜட்டில் அறிவித்து, போர்டுக்கு நடந்து, பிறகு பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்வதற்குள் வேலைக்குச் சேரும் தேதி போய்விடும். ஒன்பதாம் வகுப்பில் போர்டுக்குப் பெயர் பதிவு செய்யும்போதே அப்பாவும் அம்மாவும் பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு முறை பார்த்துவிட்டால் ஆயுசுக்கும் கவலையில்லை.

இப்போது இது இன்னும் கடுமையாகிவிட்டது. மாணவரின் கிரெடிட்டுகள் எல்லாம் ஆதாரோடு இணைந்த ஒரு கணக்கில் ஏறுகின்றன. பெயர் பொருந்தாவிட்டால் அந்தக் கணக்கைத் திறப்பதே பிரச்சினையாகிறது.

அந்தக் கணக்கு என்ன என்று சொல்லிவிடுகிறேன். 2021 ஜூலையில் பல்கலைக்கழக மானியக் குழு, நாம் யு.ஜி.சி. என்போமே, அது ‘அகாடமிக் பாங்க் ஆஃப் கிரெடிட்ஸ்’ என்று ஒரு ஏற்பாட்டுக்கு விதி வகுத்தது. ஒரு பாடத்தில் தேறினால் அதற்குரிய கிரெடிட் உங்கள் கணக்கில் வரவு வைக்கப்படும். அதிகபட்சம் ஏழு வருஷம் வரை அது செல்லும். ஒரு பல்கலைக்கழகத்தில் சம்பாதித்ததை இன்னொன்றில் பட்டத்துக்காகப் பயன்படுத்தலாம். ஆனால் பட்டம் தரும் நிறுவனத்தில் குறைந்தது பாதி கிரெடிட்டாவது எடுத்திருக்க வேண்டும்.

இதைக் கேள்விப்பட்ட பெற்றோர் பலர், ஸ்டேட் பாங்க் கணக்கை ஒரு கிளையிலிருந்து இன்னொரு கிளைக்கு மாற்றுவது போல என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படி இல்லை. கிரெடிட் வருகிறது, சீட் வருவதில்லை. கொல்கத்தாவில் இரண்டாம் வருஷம் முடித்தவன் சென்னையில் மூன்றாம் வருஷம் சேர வேண்டுமானால், சென்னைக் கல்லூரியில் இடம் காலியாக இருக்க வேண்டும், பாடத்திட்டம் ஒத்துப்போக வேண்டும், அந்தப் பல்கலைக்கழகம் தகுதிச் சான்று தர வேண்டும். பழைய பல்கலைக்கழகத்திலிருந்து மைக்ரேஷன் சர்டிபிகேட்டும் வாங்கிக்கொண்டு வரவேண்டும். மாற்றல் உத்தரவு கைக்கு வந்த அன்றே போய்ச் சேரும் ஊரின் பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கேளுங்கள். பெட்டி கட்டிய பிறகு கேட்டால் ஒரு வருஷம் வீணாகும்.

அடுத்து, எல்லாரும் கேட்கிற கேள்வி: மூணு வருஷமா, நாலு வருஷமா? 2020 தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டி யு.ஜி.சி. 2022 டிசம்பரில் வெளியிட்ட பாடத்திட்டக் கட்டமைப்பில் இரண்டும் உண்டு. மூன்று வருஷத்துக்கு 120 கிரெடிட், நான்கு வருஷ ஹானர்ஸுக்கு 160. முதல் ஆறு செமஸ்டரில் 75 சதவீதமும் அதற்கு மேலும் வாங்கியவர்கள் நான்காம் வருஷத்தில் ஆராய்ச்சியோடு ஹானர்ஸ் எடுக்கலாம். ஒரு வருஷத்தில் விட்டுவிட்டால் 40 கிரெடிட்டோடு கோடை விடுமுறையில் 4 கிரெடிட் தொழிற்பாடமும் முடித்திருந்தால் சான்றிதழ். இரண்டு வருஷத்தில் விட்டால் அதே மாதிரி டிப்ளமா. விட்டவர்கள் மூன்று வருஷத்துக்குள் திரும்பி வந்து, மொத்தம் ஏழு வருஷத்துக்குள் முடிக்க வேண்டும்.

ஆனால் எந்த ஊரில் எது என்பது தனிக்கதை. டில்லிப் பல்கலைக்கழகத்தில் நான்கு வருஷப் படிப்பு 2013-ல் வந்தது, 2014-ல் போனது, 2022-ல் மறுபடி வந்தது. கர்நாடகம் 2021-ல் ஏற்றுக்கொண்டு 2024-ல் மூன்று வருஷத்துக்கே திரும்பிவிட்டது. கேரளத்தில் அதே 2024-ல் நான்கு வருஷம் ஆரம்பமானது. அண்ணன் பெங்களூரில் ஒரு விதியில், தங்கை திருவனந்தபுரத்தில் வேறொரு விதியில். இதில் எது உயர்ந்தது என்று என்னைக் கேட்டால், மேலே எம்.ஏ., எம்.எஸ்ஸி. படிக்கப் போகிறவர்களுக்கு நான்காவது வருஷம் நஷ்டமில்லை, ஏனென்றால் முதுகலை ஒரே வருஷத்தில் முடிக்க வழி இருக்கிறது. ஆனால் அந்த ஒரு வருஷ முதுகலையை நடத்தும் கல்லூரி உங்கள் ஊரில் இருக்கிறதா என்று முதலில் விசாரித்துக்கொண்டு முடிவு செய்யுங்கள். பட்டம் வாங்கி வேலைக்குப் போகிறவனுக்கு மூன்று வருஷமே போதும் என்பது என் அபிப்பிராயம்.

சேரும்போது கவனிக்க வேண்டிய இன்னும் இரண்டு விஷயங்கள், சுருக்கமாக. பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கான 10 சதவீத ஒதுக்கீடு 2019-ல் வந்தது, 2022 நவம்பரில் உச்சநீதிமன்றம் அதைச் செல்லும் என்றது. மத்திய நிறுவனங்களில் உண்டு. குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குக் கீழே இருக்க வேண்டும். அந்தச் சான்றிதழ் நிதியாண்டுக் கணக்கு. சென்ற வருஷத்தியதைக் கொண்டு போனால் செல்லாது. தாசில்தார் ஆபீசில் ஏப்ரலிலேயே விண்ணப்பிக்காமல் ஜூலையில் ஓடுகிறவர்களை வருஷா வருஷம் பார்க்கிறேன். இரண்டாவது, கல்லூரி எதுவும் உங்கள் அசல் சான்றிதழ்களைத் தன் வசம் வைத்துக்கொள்ளக் கூடாது என்று யு.ஜி.சி. 2016-லும் 2018-லும் சொல்லியிருக்கிறது. சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும். சேர்க்கையின் கடைசித் தேதிக்கு 15 நாளோ அதற்கு மேலோ இருக்கும்போது விலகினால், ஒரு சிறு தொகை கழித்துக்கொண்டு கட்டணம் முழுவதையும் திருப்ப வேண்டும், கடைசித் தேதிக்குப் பின் 15 நாள் வரை 80 சதவீதம், 30 நாள் வரை 50 சதவீதம் என்பது 2018 விதி. அந்தத் தேதிகளைச் சில வருஷங்களில் மாணவர்களுக்குச் சாதகமாகத் தள்ளியும் வைத்திருக்கிறார்கள். ‘கட்டினது கட்டினதுதான் சார்’ என்று கவுண்டரில் சொன்னால் வாயை மூடிக்கொண்டு வந்துவிடாதீர்கள். எழுத்தில் கேளுங்கள்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். முடிப்பது.

சென்னையில் அரியர் என்போம். பம்பாயில் அதற்கு ஏ.டி.கே.டி. என்று பெயர், ‘டேர்ம் கீப் பண்ண அனுமதி’ என்று விரியும். டில்லியில் பாக். கொல்கத்தாவில் சப்ளி. எந்தப் பெயரில் அழைத்தாலும், பாக்கி நின்ற பாடத்தை எப்போது வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம் என்று ஒரு நம்பிக்கை நம் வீடுகளில் இருக்கிறது. அது தவறு. 2015-ல் யு.ஜி.சி. வகுத்த வழிகாட்டுதல்படி, படிப்புக்குரிய காலத்தோடு இரண்டு வருஷம். அசாதாரணக் காரணம் இருந்தால் மேலும் ஒரு வருஷம், அந்த வருஷத்தில் தனித்தேர்வராகத்தான், ராங்க் கிடையாது. மூன்று வருஷப் படிப்பென்றால் ஐந்து, மிஞ்சினால் ஆறு. ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் விதியில் சற்றுக் கூட்டிக் குறைத்து வைத்திருக்கும். ஆனால் வரம்பில்லாத பல்கலைக்கழகம் இன்று அபூர்வம்.

ஒரு பெண்ணின் கதை சொல்கிறேன். ஊர் பெயர் வேண்டாம். பி.காம். ஐந்து செமஸ்டர் நன்றாகப் படித்தாள். ஆறாவது செமஸ்டரில் கல்யாணம் நிச்சயமாயிற்று. இரண்டு பேப்பர் எழுதவில்லை. ‘அங்கே போய் எழுதிக்கலாம்’ என்று இரண்டு வீட்டாரும் சொன்னார்கள். போன இடத்தில் குழந்தை, மாமனாருக்குப் பக்கவாதம், கணவனுக்கு மாற்றல். வருஷங்கள் போயின. யாரும் தடுத்ததில்லை, யாரும் நினைவுபடுத்தியதுமில்லை. பதினோராவது வருஷம் கணவன் திடீரென்று காலமானார். அவர் வேலை பார்த்த இடத்தில் கருணை அடிப்படையில் நியமனம் தர முன்வந்தார்கள். பட்டதாரி என்றால் கிளார்க். இல்லையென்றால் அதற்குக் கீழே.

அவளுடைய அப்பா என்னிடம் வந்தார். ‘ரெண்டே ரெண்டு பேப்பர்தான் பாக்கி, ஏதாவது வழி பண்ணுங்கோ’ என்றார். பழைய மதிப்பெண் பட்டியல்களையெல்லாம் ஒரு துணிப்பையில் கொண்டு வந்திருந்தார். முதல் வகுப்புக்குச் சமீபமான மார்க். கால வரம்பு முடிந்து பல வருஷம் ஆகியிருந்தது. பாடத்திட்டமும் இரண்டு முறை மாறிவிட்டது. அந்த வினாத்தாளைத் தயாரிக்க ஆளே இல்லை. விதியைப் புரட்டினேன், மேலே கேட்டேன், ஒன்றும் நடக்கவில்லை. அவள் கீழ்ப்பதவியில் சேர்ந்தாள். பிறகு இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில், அதாவது இக்னோவில், முதல் வருஷத்திலிருந்து பி.காம். சேர்ந்து, ஆபீஸ் போய்க்கொண்டே நான்கு வருஷத்தில் முடித்தாள். இரண்டு பேப்பரில் முடிந்திருக்க வேண்டியதற்கு முழுப் பட்டமும் மறுபடி. மேல்பதவி வந்தபோது அவளுக்கு நாற்பது தாண்டியிருந்தது. அந்தச் சம்பள வித்தியாசத்தில் ஒரு குழந்தையின் காலேஜ் படிப்பு போயிற்று என்று அவளே ஒரு தடவை கணக்குப் போட்டுச் சொன்னாள், குறையாக இல்லை, சாதாரணமாக.

கல்யாணத் தேதி பார்க்கும்போது பஞ்சாங்கம் பார்க்கிறோம், மண்டபம் பார்க்கிறோம், மாப்பிள்ளையின் லீவு பார்க்கிறோம். பெண்ணின் பரீட்சை அட்டவணையையும் மேஜையில் வையுங்கள். ஆறு வாரம் தள்ளி வைத்தால் எந்த முகூர்த்தமும் கோபித்துக்கொள்ளாது.

பாக்கி வைத்தவர்களுக்கு எப்போதாவது கதவு திறப்பதும் உண்டு. டில்லிப் பல்கலைக்கழகம் 2022-ல் நூற்றாண்டு கொண்டாடியபோது, பாதியில் விட்ட பழைய மாணவர்களுக்கு ‘நூற்றாண்டு வாய்ப்பு’ என்று ஒரு சிறப்புத் தேர்வு அறிவித்தது. அண்ணா பல்கலைக்கழகமும் வெகுகாலம் அரியர் வைத்தவர்களுக்குச் சிறப்பு வாய்ப்பு தந்ததுண்டு. இவை விதிவிலக்குகள். அறிவிப்பு வரும், சில வாரங்களில் கடைசித் தேதி முடிந்துவிடும். படித்த ஊரை விட்டு வெகுதூரம் போனவர்களுக்குச் சேதியே எட்டாது. நம் கிளைகள் இந்தச் சேதிகளை வாங்கி இந்தப் பத்திரிகையில் போட்டால் எவ்வளவோ பேருக்கு உபகாரம். செயற்குழு இதை யோசிக்க வேண்டும்.

இக்னோ பற்றிச் சொன்னேன். 1985-ல் பார்லிமெண்ட் சட்டத்தால் ஏற்பட்டது. ஜனவரி, ஜூலை என்று வருஷத்தில் இரண்டு தடவை சேர்க்கை. இளங்கலைக்கு மூன்றிலிருந்து ஆறு வருஷம், முதுகலைக்கு இரண்டிலிருந்து நான்கு வருஷம் அவகாசம். ஊர் மாறினால் பிராந்திய மையத்தை மாற்றிக்கொள்ளலாம், படிப்பு அறுபடாது. மாற்றல் குடும்பங்களுக்கு இதைவிடத் தோதான ஏற்பாடு இல்லை. ஆனால் இங்கும் இரண்டு இடத்தில் வழுக்குகிறார்கள். ஒன்று, அடுத்த வருஷத்துக்கு மறுபதிவு. முதல் வருஷப் பரீட்சை முடிவு வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. எழுதினாலும் எழுதாவிட்டாலும் தேதிக்குள் பதிவு செய்து பணம் கட்ட வேண்டும். இரண்டு, அஸைன்மென்ட். அதைச் சமர்ப்பிக்காமல் பரீட்சை மட்டும் எழுதிவிட்டு, பாடம் ஏன் முடியவில்லை என்று கேட்கிறவர்கள் ஏராளம். அதற்கும் மதிப்பெண்ணில் பங்கு உண்டு.

தபால் வழி, திறந்தநிலை என்றாலே எல்லாம் ஒன்றல்ல. தமிழ்நாட்டில் ஒரு காலத்தில் பி.ஏ. இல்லாமலே வயதை வைத்து நேராக எம்.ஏ. சேர்க்கும் திறந்தநிலைத் திட்டங்கள் பிரபலமாக இருந்தன. நம்மவர்களும் பதவி உயர்வுக்காகச் சேர்ந்தார்கள். 2009-ல் உச்சநீதிமன்றம், அண்ணாமலைப் பல்கலைக்கழகம் கட்சியாக இருந்த வழக்கில், அடிப்படைப் பட்டம் இல்லாமல் திறந்தநிலையில் வாங்கிய முதுகலைப் பட்டம் யு.ஜி.சி.யின் 1985 விதிகளுக்கு முரணானது, செல்லாது என்று தீர்த்தது. சட்டிஸ்கரில் 2002 சட்டத்தின் கீழ் முளைத்த நூற்றுக்கும் மேற்பட்ட தனியார் பல்கலைக்கழகங்கள் 2005 பிப்ரவரியில் ஒரே தீர்ப்பில் இல்லாமல் போயின. சில நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் தபாலில் கொடுத்த இஞ்சினியரிங் பட்டங்களுக்கு 2017 நவம்பரில் அதே கதி. 2001 முதல் 2005 வரை சேர்ந்தவர்களுக்கு மட்டும் மறுபடி ஒரு தேர்வு எழுத வாய்ப்புக் கிடைத்தது. இவர்களெல்லாம் ஏமாற்றியவர்கள் அல்ல. ராத்திரி கண் விழித்துப் படித்து, பணம் கட்டி, பரீட்சை எழுதியவர்கள். அனுமதி இருக்கிறதா என்று கேட்கவில்லை, அவ்வளவுதான். வேலையில் பத்து வருஷம் ஆன பிறகு பட்டம் செல்லாது என்று கடிதம் வந்தால் வீட்டில் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இப்போது தொலைநிலை, ஆன்லைன் படிப்புகளுக்கு யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவு அனுமதி தருகிறது. அனுமதி பல்கலைக்கழகத்துக்கு மட்டும் அல்ல, ஒவ்வொரு படிப்புக்கும், ஒவ்வொரு வருஷத்துக்கும். நீங்கள் சேரும் வருஷத்தில், நீங்கள் சேரும் படிப்பு பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். அனுமதி பெற்ற ஆன்லைன் பட்டம் கல்லூரிக்குப் போய் வாங்கிய பட்டத்துக்குச் சமம் என்று 2020 விதிகளே சொல்கின்றன, அதில் சந்தேகம் வேண்டாம். 2022 ஏப்ரல் முதல் இரண்டு பட்டப்படிப்புகளை ஒரே சமயத்தில் படிக்கவும் அனுமதி உண்டு. கல்லூரியில் பி.காம்., கூடவே இக்னோவில் சம்ஸ்கிருதம் என்று ஆசைப்படும் குழந்தைகளைத் தடுக்காதீர்கள்.

பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. ஓய்வு பெற்ற பிறகு எம்.ஏ. படிக்க ஆசை என்று இரண்டு மூன்று மாமாக்களும் ஒரு மாமியும் காலையில் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். இக்னோவில் சாதாரண எம்.ஏ. படிப்புகளுக்கு வயது வரம்பு இல்லை. அந்த நாளில் பி.யு.சி. படித்துவிட்டு மூன்று வருஷப் பட்டம் வாங்கியவர்கள் ‘நாங்கள் பத்து பிளஸ் ரெண்டு படிக்கவில்லையே’ என்று தயங்க வேண்டியதில்லை. பட்டம் கையில் இருந்தால் போதும். அசல் பட்டம் தொலைந்துபோயிருந்தால் படித்த பல்கலைக்கழகத்தில் நகல் கேட்டு விண்ணப்பியுங்கள், போலீஸ் புகாரும் பிரமாணப் பத்திரமும் கேட்பார்கள், சில மாதம் ஆகும். ஆகவே அடுத்த ஜனவரிச் சேர்க்கைக்கு இப்போதே ஆரம்பிக்க வேண்டும்.

செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். பாதியில் விட்ட படிப்பு உள்ளவர்கள், பெயர்ச் சிக்கல் உள்ளவர்கள் சாப்பாட்டுக்குப் பிறகு மதிப்பெண் பட்டியலின் நகலோடு வாருங்கள். பின்னால், தண்ணீர் டிரம் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். வரம்பு இன்னும் முடியாதவர்கள் முதலில் வரட்டும்.